வேண்டாம் என்பதன் விலை

அரசியல் தத்துவ அறிமுகம் என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், எந்த யூட்யூப் வகுப்பைப் பார்த்தாலும், சில ஆட்கள் தவறாமல் வந்துவிடுவார்கள். தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட ஐந்து பேர். ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒருவன். ரசிகர்கள் ஆளுக்குக் கால் டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பார்க்க வரும் கூடைப்பந்து வீரர். இவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் உராய்வே இல்லாத தளத்தை வைத்து இயற்பியல் படித்தோமே, அந்த மாதிரிதான். ஆனால் உராய்வு இல்லாத தரையில் எந்த வண்டியும் நகராது என்பதும் இன்ஜினியரிங் படித்த எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கட்டுரைக்கு ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்கிறேன்: சம்மதம். சுதந்திரம், ஒப்பந்தம், உரிமை, அதிகாரம் என்று நாம் பேசுகிற எல்லாவற்றுக்கும் அடியில் இது கிடக்கிறது. அரசாங்கம் ஏன் நம்மை ஆளலாம்? நாம் சம்மதித்திருக்கிறோம். அந்தக் கூலி ஏன் நியாயம்? அவர் சம்மதித்து வாங்குகிறார். அந்த ஆபத்து ஏன் அநியாயம் இல்லை? தெரிந்து சம்மதித்துத்தான் போனார். இந்தச் சொல்லைக் கொஞ்சம் உராய்வு உள்ள தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். எனக்குத் தெரிந்த தரை சாத்தூர், இருக்கன்குடி, சிவகாசி வட்டாரம்.

*

இருக்கன்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாரியம்மன். ஆடி கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேர்கிற இடத்தில் கோவில் இருக்கிறது. இரண்டு கங்கை, இருகங்கைக்குடி என்பதுதான் இருக்கன்குடி ஆனது என்று சொல்வார்கள். பெயரில் இரண்டு ஆறு இருந்தாலும் வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கே ஓடுவது மணல்தான். சுற்றிலும் கரிசல். மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை: பருத்தி, உளுந்து, கம்பு, சோளம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றினால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு, அதற்கு லேபிள் ஒட்ட அச்சுத்தொழில் என்று ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு இந்த வட்டாரத்துச் சரக்கு. இந்த வளர்ச்சியைச் சொல்லும்போது உழைப்பு, சிக்கனம், சமூக ஒற்றுமை எல்லாவற்றையும் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். கூடவே வெயிலையும் சொல்வார்கள். மருந்துக்கு ஈரம் ஆகாது, காய வேண்டும். மழை குறைந்த ஊர் இந்தத் தொழிலுக்கு வாகான ஊர்.

அந்த வாக்கியத்தில் கொஞ்சம் நின்று போகலாம். மருந்து காய உதவும் அதே வறட்சிதான் காட்டில் வேலை இல்லாமல் செய்கிறது. காட்டில் வேலை இல்லாததால்தான் காலையில் கிராமத்து முக்கில் வேன் வந்து நிற்கும்போது ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். தொழிலுக்கு வேண்டிய காய்ந்த காற்றும் குறைந்த கூலிக்கு வரும் ஆளும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கின்றன. சம்மதத்தைப் பற்றிப் பேசுமுன் இதை ஓரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆபீஸ்’ என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். “அக்கா ஆபீசுக்குப் போயிருக்கு” என்று சின்னப்பிள்ளை சொன்னால் அக்கா மருந்துக் கையோடு வீடு திரும்புவாள் என்று அர்த்தம். நான் வேலை பார்ப்பதும் ஆபீஸ்தான். இரண்டு ஆபீசுக்கும் என்ன வித்தியாசம் என்பதே ஒருவகையில் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

சம்மதம் பற்றிய பழைய வாக்குவாதத்தில் மூன்று பேரைப் பார்த்தால் போதும்.

முதல் ஆள் ஹாப்ஸ். 1651-ல் எழுதிய ‘லெவியதான்’ நூலில் ஓர் உதாரணம் தருகிறார். கப்பல் மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் ஒருவன் தன் சரக்கைக் கடலில் தூக்கி எறிகிறான். அதை அவன் விருப்பத்தோடுதான் செய்கிறான், நினைத்திருந்தால் எறியாமலும் இருந்திருக்கலாம் என்பது ஹாப்ஸ் கட்சி. பயமும் சுதந்திரமும் ஒரே செயலில் சேர்ந்து இருக்கலாம். அதனால் பயந்து செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். வழிப்பறிக்காரனிடம் உயிருக்குப் பயந்து பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால், சட்டம் வந்து விடுவிக்கும்வரை அந்த வாக்கும் கட்டும் என்கிறார். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் ஹாப்ஸிடம் ஒளிவுமறைவு இல்லை. பயம் இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

இரண்டாவது ஆள் லாக். அரசுக்கு நாம் எப்போது சம்மதித்தோம், கையெழுத்து எங்கே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? மௌன சம்மதம் என்கிறார். ஒரு நாட்டின் எல்லைக்குள் சொத்து வைத்திருந்தாலும் சரி, அதன் சாலையில் சும்மா நடந்துபோனாலும் சரி, அந்த நாட்டுச் சட்டத்துக்குச் சம்மதித்ததாகத்தான் கணக்கு.

மூன்றாவது ஆள் ஹியூம். 1748-ல் இதற்கு ஒரு பதில் எழுதினார். வேறு நாட்டு மொழியோ பழக்கவழக்கமோ தெரியாத, அன்றாடக் கூலியில் அன்றாடம் சாப்பிடுகிற ஏழை விவசாயி ஒருவன் தன் நாட்டை விட்டுப் போகாமல் இருக்கிறான். அவன் ‘விரும்பித் தங்கியிருக்கிறான்’ என்று நாம் நிஜமாகவே சொல்ல முடியுமா என்று கேட்டார். தூக்கத்தில் ஒருவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிடுகிறார்கள். கண் விழித்தால் நடுக்கடல். அவன் கடலில் குதித்துச் சாகாமல் கப்பலில் இருப்பதை வைத்து, மாலுமியின் அதிகாரத்துக்குச் சம்மதித்துவிட்டான் என்று சொல்வது போலத்தான் இது என்றார்.

எனக்கு ஹியூமின் அந்த விவசாயி ரொம்பத் தெரிந்தவர். காலை வேனில் ஏறுகிற ஆள். ஹியூம் செய்தது ஒரு சின்ன வேலைதான். லாக் ‘ஆம்’ எங்கே இருக்கிறது என்று தேடினார். ஹியூம் ‘இல்லை’ என்று சொல்ல வழி இருந்ததா என்று கேட்டார். போகாதவனைப் பார்க்காதே, போக முடியுமா என்று பார். 275 வருஷம் கழித்தும் இந்தக் கேள்வி அரசியல் பேச்சில் போதுமான அளவு இடம் பிடிக்கவில்லை என்பதுதான் என் குறை.

சரியாகச் சொன்னால் ஓரிடத்தில் பிடித்திருக்கிறது. அந்த இடம் என் தொழில். மென்பொருளில் சம்மதம் என்பது தரவுத்தளத்தில் ஒரு கட்டம். ஆம், இல்லை என்று இரண்டே மதிப்பு. இணையதளத்துக்குள் போனதும் ‘குக்கீகளை ஏற்கிறேன்’ என்று பெரிய பட்டன் வரும். ஏற்கவில்லை என்று சொல்ல வேண்டுமென்றால் ‘அமைப்புகள்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு எழுத்து, அதற்குள் ஒரு பக்கம், அதற்குள் பத்து சுவிட்ச். 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதாக அறிவித்தது. குற்றம் என்னவென்றால், ஏற்பது எவ்வளவு எளிதோ மறுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஒரு கிளிக்கில் ஆம் சொல்ல முடிகிறது, இல்லை சொல்லப் பல கிளிக் ஆகிறது. ஆகவே அந்தச் சம்மதம் சுதந்திரமானது அல்ல.

அதாவது ஐரோப்பாவில் ஒரு குக்கீக்குக் கொடுக்கும் சம்மதம் செல்ல வேண்டுமென்றால், மறுப்பதற்கு எத்தனை கிளிக் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். கையில் அலுமினியப் பவுடரோடு உட்காருவதற்குக் கொடுக்கும் சம்மதத்துக்கு மறுப்பின் விலையை யாரும் எண்ணுவதில்லை.

*

எண்ண வேண்டியதில்லை என்று வாதாடுகிறவர்களில் ஆகக் கெட்டிக்காரர் ராபர்ட் நோஸிக். அவருடைய ‘அராஜகம், அரசு, கற்பனாலோகம்’ 1974-ல் வந்தது. சந்தையை ஆதரித்து எழுதப்பட்டவற்றில் எதிர்த்தரப்பும் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். அதில் ஒரு கல்யாணக் கணக்கு வருகிறது. 26 ஆண்கள், 26 பெண்கள். எல்லோருக்கும் யார் மேல் யார் கீழ் என்பதில் ஒரே ரசனை. முதல் ஆணும் முதல் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிக் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் ஆளுக்கு முதல் பெண் மேல்தான் ஆசை. ஆனால் அவள் இல்லையென்று ஆனதும் இரண்டாம் பெண்ணை மணக்கிறான். இப்படியே போய், கடைசி ஆணுக்கு மிச்சம் கடைசிப் பெண், அவளுக்கு மிச்சம் அவன். கட்டிக்கொள்ளலாம், இல்லை தனியாக இருக்கலாம். நம் தரகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

அந்தக் கடைசி இருவரின் கல்யாணம் விருப்பத்தோடு நடந்ததா? ஆம் என்கிறார் நோஸிக். அவர்கள் முன்னால் ஒரே வழிதான் இருந்தது, சரி. ஆனால் அந்த நிலைமையை உண்டாக்கிய மற்ற 50 பேரும் தங்கள் உரிமைக்குள்தானே நடந்துகொண்டார்கள்? யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கிருந்து ஒரே தாவலில் தொழிலாளிக்குப் போய்விடுகிறார். வேலை செய், இல்லையென்றால் பட்டினி கிட என்ற நிலையில் நிற்பவனும், மற்றவர்கள் தங்கள் உரிமைப்படி நடந்து அந்த நிலை வந்திருந்தால், விருப்பத்தோடுதான் வேலைக்குப் போகிறான்.

இந்த வாதத்தின் முழு பாரமும் ஒரே ஆணியில் தொங்குகிறது: ‘மற்றவர்கள் தங்கள் உரிமைக்குள் நடந்திருந்தால்’. நோஸிக்கை மறுக்க மார்க்ஸைக் கூப்பிட வேண்டியதில்லை. அவருடைய ஆணியை அவருடைய கணக்குப்படியே அசைத்துப் பார்த்தால் போதும்.

பட்டாசு ஆலையில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று விதி இருக்கிறது. எல்லாம் சேதத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள். ஓர் அறை போனால் அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பது அவற்றின் தர்க்கம். விபத்துக்குப் பின் வரும் செய்திகளில் வருஷா வருஷம் திரும்ப வருவது என்ன? அனுமதித்ததற்கு மேல் ஆள். அனுமதித்ததற்கு மேல் மருந்து. அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை. எல்லாவற்றுக்கும் மேல் உள்குத்தகை: லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், அறைகளைப் பிரித்து வேறு ஆட்களுக்கு விட்டிருப்பார்கள். உள்குத்தகைக்கு எடுத்தவருக்குத் தீபாவளிக்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். அறைக்கு இன்னும் ரெண்டு பேர், தட்டுக்கு இன்னும் கொஞ்சம் மருந்து.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் 40 பேரளவில் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை; முதல் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். நோஸிக்கின் ஆணி இங்கே என்ன ஆகிறது? வேலைக்கு வந்தவர் சம்மதித்தது விதிப்படி இயங்கும் ஓர் ஆலையின் ஆபத்துக்கு. அவருக்குக் கிடைத்தது வேறொரு ஆபத்து. பக்கத்து அறையில் எவ்வளவு மருந்து குவிந்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஓடிவந்தவரிடம் சம்மதம் என்ற பேச்சே இல்லை. நோஸிக் உயிரோடு இருந்து இதைப் பார்த்திருந்தால் அவரும் இதை விருப்பத்தின் பேரில் நடந்த பரிமாற்றம் என்று சொல்லியிருக்க முடியாது. ஏமாற்றும் விதிமீறலும் கலந்த ஒப்பந்தம் அவருடைய தத்துவத்திலும் செல்லாது.

அது எளிய பகுதி. கஷ்டமான கேள்வி இனிமேல்தான். விதி எல்லாவற்றையும் சரியாகப் பின்பற்றும் ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். அப்படியும் ஆலைகள் உண்டு. அங்கே போகிறவர் சுதந்திரமாகப் போகிறாரா?

எங்கள் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு ஆபீசில் 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ். “பிடிச்சுத்தான் போறீங்களா பெரியம்மா?” என்று ஒரு தடவை கேட்டேன். சிரித்தார். “பிடிக்க என்னய்யா இருக்கு. சனிக்கெழம சம்பளம், திங்கக்கெழம குழுவுக்குக் கட்டணும். காட்டுல களையெடுப்பு இருந்தா அங்க போவேன். இல்லாட்டி இங்க. நீ மட்டும் பிடிச்சா போற?” கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. நானும் பிடித்துப் போகவில்லை. ஆனால் நான் ‘போகமாட்டேன்’ என்றால் எனக்கு ஆகும் செலவு வேறு. மூன்று மாத நோட்டீஸ், வங்கியில் கொஞ்சம் சேமிப்பு, லிங்க்டுஇன்னில் நாலு பேரிடம் கேட்பது. பெரியம்மாவின் ‘போகமாட்டேன்’ அடுத்த திங்கட்கிழமையே வாசலில் வந்து நிற்கும். இரண்டு பேரும் ஆபீசுக்குப் போகிறோம். இரண்டு பேரும் ஆம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். தரவுத்தளத்தில் இரண்டு கட்டத்திலும் ஒரே மதிப்பு.

அமர்த்தியா சென் தன் சிறுவயது டாக்காவிலிருந்து ஒரு சம்பவத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். 1940களின் கலவரக் காலம். காதர் மியா என்ற முஸ்லிம் கூலித் தொழிலாளி கத்திக்குத்துப்பட்டு ரத்தம் ஒழுக அவர்கள் வீட்டுக்குள் வந்து விழுகிறார். கலவரம் நடக்கும் இந்துப் பகுதிக்கு வேலைக்குப் போகாதே என்று மனைவி தடுத்திருக்கிறாள். வீட்டில் சாப்பாடு இல்லை, போனார், செத்தார். குத்தியவன் மதவெறியன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தெருவுக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது எது? பொருளாதாரச் சுதந்திரமின்மை மற்ற சுதந்திரங்களையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது என்பதை அந்த வயதில் பார்த்ததாகச் சென் சொல்கிறார். காதர் மியாவும் ‘தெரிந்து சம்மதித்துத்தான்’ போனார்.

*

இதையெல்லாம் மேற்கத்திய ஆட்களை வைத்தே பேச வேண்டியதில்லை. சம்மதம் பற்றிய ஆகத் தெளிவான பக்கங்களில் சில இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பில் இருக்கின்றன. அரசியல் தத்துவம் படிக்கிறவர்கள் அதைச் சட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மேம்பாலமும் மைதானமும் கட்டினார்கள். ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரிகள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு; தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் வழக்குப் போட்டது. அரசியலமைப்பின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. இவர்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்? யாரும் சவுக்கோடு நிற்கவில்லையே?

நீதிபதி பகவதி எழுதிய அந்தத் தீர்ப்பு கட்டாயம் என்ற சொல்லைத் திறந்து பார்க்கிறது. உடல் பலத்தால் வரும் கட்டாயம் உண்டு, சட்டத்தால் வரும் கட்டாயம் உண்டு, பசியாலும் வறுமையாலும் வேறு வழி இல்லாததாலும் வரும் கட்டாயமும் உண்டு. சட்டப்படி தனக்கு 9.25 வர வேண்டும் என்றிருக்கும்போது 8.25-க்கு ஒருவன் வேலை செய்கிறான் என்றால், அவன் விரும்பி அந்த ஒரு ரூபாயை விட்டுக்கொடுக்கவில்லை. ஏதோ ஒன்று அவனை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் கட்டாயம். ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ் கொடுக்கப்படும் எந்த வேலையும் கட்டாய உழைப்பு.

இதில் நான் ரசிப்பது அதன் அளவுகோல். வறுமையில் செய்யும் எல்லா வேலையும் அடிமைத்தனம் என்று தீர்ப்பு சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உலகத்தில் பாதிப் பேருடைய சம்மதம் செல்லாது, அந்த வார்த்தைக்கே பொருள் இருக்காது. ஒரு கோட்டைப் போடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒருவர் ‘ஆம்’ என்றால், அந்த ஆமே அழுத்தத்துக்குச் சாட்சி. நோஸிக் ‘மற்றவர்கள் என்ன செய்தார்கள்’ என்று பார்த்தார். தீர்ப்பு ‘இவர் எதற்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது’ என்று பார்க்கிறது. கூலிக்குப் போட்ட இந்தக் கோட்டை உயிராபத்துக்கும் நீட்ட முடியாதா என்பது எனக்கு இருக்கும் கேள்வி. சட்டம் அனுமதித்ததற்கு மேல் மருந்து இருக்கும் அறையில் ஒருவர் போய் உட்காருகிறார் என்றால், அதையும் கட்டாய உழைப்பு என்று ஏன் சொல்லக் கூடாது?

*

இனி மறுபக்கம். சம்மதம் இப்படி ஓட்டையானது என்றால், தொழிலை மூடிவிடலாமா?

பிள்ளைகள் விஷயத்தில் நாம் அதைத்தான் செய்தோம். 1970, 80களில் இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ்களில் சின்னப் பிள்ளைகள் வேலை பார்த்தது நாடே அறிந்த கதை. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அதை வெளியுலகுக்குக் காட்டியது. பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்று ஒரு முழுநீளப் படமே எடுத்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்பு வந்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் அந்த நிதியில் சேர்க்க வேண்டும். பிள்ளையின் சம்மதத்தையோ பெற்றோரின் சம்மதத்தையோ அந்தத் தீர்ப்பு ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது சரிதான். ஆனால் கவனியுங்கள், அது வெறும் தடையோடு நிற்கவும் இல்லை. பிள்ளையை அனுப்பாவிட்டால் அந்த வீட்டில் என்ன குறையும் என்று யோசித்து அதற்கும் ஒரு தொகை வைத்தது. அந்த ஏற்பாடு காகிதத்தில் இருந்த அளவு ஊரில் இருந்ததா என்பது தனி விவாதம். யோசித்த திசை சரி.

பெரியவர்கள் விஷயம் அப்படி இல்லை. 2018 அக்டோபர் 23-ம் தேதி அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டாசை முழுதாகத் தடை செய்ய மறுத்து, பசுமைப் பட்டாசு மட்டும் போதும், சரவெடி கூடாது, பேரியம் கூடாது, தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம் என்று கட்டுப்பாடு விதித்தது. வழக்குப் போட்டது டெல்லிக் கைக்குழந்தைகள் சார்பாக அவர்களுடைய தகப்பன்மார். மூச்சு விடும் உரிமை ஒரு பக்கம், தொழில் செய்யும் உரிமை மறுபக்கம் என்று தராசு. தராசில் சிவகாசித் தொழிலாளி ‘வாழ்வாதாரம்’ என்ற ஒரே சொல்லாக முதலாளி தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு நுரையீரல் உண்டு, இரண்டு கை உண்டு என்பது அந்தத் தராசின் எந்தத் தட்டிலும் சரியாக ஏறவில்லை.

அதற்குப் பின் நடந்ததும் முக்கியம். நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டன, மாதக்கணக்கில் திறக்கவில்லை. தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். ஆபத்தைக் குறை என்று கேட்டு இல்லை, ஆலையைத் திற என்று கேட்டு. நோஸிக் கட்சிக்காரர் இங்கே சிரிப்பார்: பார்த்தீர்களா, நீங்கள் சொல்லும் கட்டாயத்தை அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

இந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. பதில் இதுதான். ஒருவர் முன்னால் மூன்று மோசமான வழிகள் இருக்கின்றன. அதில் மோசம் குறைந்ததை அவர் எடுக்கிறார். அந்த வழியை நீங்கள் அடைத்துவிட்டால் அவர் சுதந்திரம் கூடாது, குறையும். கத்துகிறார் என்றால் சரியாகத்தான் கத்துகிறார். ஆனால் அவர் அந்த வழியை எடுத்தார் என்பதை வைத்து வழி நல்லது என்றோ, மூன்றே வழி இருந்தது இயற்கை என்றோ முடிவுக்கு வர முடியாது. மூடு என்பவரும் சும்மா விடு என்பவரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். ஒருவர் ஆமை அடைக்கப் பார்க்கிறார், மற்றவர் ஆமைக் கும்பிடுகிறார். இல்லையின் விலையை இரண்டு பேரும் தொடுவதில்லை.

அந்த விலையைத் தொட்ட திட்டங்கள் சில உண்டு. காமராசர் இதே விருதுநகர்க்காரர். அவர் கொண்டுவந்த மதிய உணவு, பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புவதால் வீட்டுக்கு ஆகும் நஷ்டத்தில் ஒருவேளைச் சோற்றைக் குறைத்தது. அது மட்டும் போதவில்லை என்பதற்கு அடுத்த 30 வருஷத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களே சாட்சி. ஆனால் தர்க்கம் அதுதான். 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தை எங்கள் பக்கம் ‘நூறு நாள் வேலை’ என்பார்கள். அதைப் பற்றி டீக்கடையில் அடிக்கடி கேட்கும் புகார், “நூறு நாள் வேலை வந்ததிலிருந்து ஆளே கெடைக்க மாட்டேங்குது, கூலியும் ஏறிப்போச்சு.” தத்துவ வகுப்பு எடுக்கிறவர்கள் இந்த வாக்கியத்தைப் பாடமாக வைக்கலாம். அதன் பொருள், அதற்கு முன்னால் வந்த ஆட்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. மறுப்பதற்குக் கொஞ்சம் காசு கிடைத்ததும் சிலர் மறுத்தார்கள். மற்றவர்கள் மறுக்காவிட்டாலும், மறுக்க முடியும் என்பதாலேயே கூலி கொஞ்சம் ஏறியது.

பிலிப் பெட்டிட் என்ற தத்துவவாதி சுதந்திரத்துக்கு ஒரு விளக்கம் தருகிறார்: யாரும் குறுக்கிடாமல் இருப்பது சுதந்திரம் இல்லை, யாரும் நினைத்தால் குறுக்கிட முடியாமல் இருப்பதுதான். நல்ல எஜமான் கையில் இருக்கும் அடிமைக்கு அடி விழாமல் இருக்கலாம், அவன் அடிமைதான். முன்பணம் வாங்கிய குடும்பத்துக்கு இது சுலபமாகப் புரியும். நல்ல மனுஷர், கேட்டால் கொடுப்பார், மகள் கல்யாணத்துக்குக்கூடக் கொடுத்தார். ஆனால் கொடுத்ததைக் கழிக்கும்வரை அடுத்த ஆபீசுக்கு மாற முடியாது. அந்த அறையில் கூட்டம் அதிகம் என்று போர்மேனிடம் வாய் திறக்கவும் முடியாது. விதி புத்தகத்தில் எத்தனை பக்கம் இருந்தாலும், “இந்த ரூம்ல நாங்க உக்கார மாட்டோம்ணே” என்று நாலு பேர் எழுந்து வெளியே வர முடிந்தால்தான் அந்த விதிக்கு உயிர். அப்படி எழுந்து வந்தால் அந்த வாரச் சம்பளம் என்ன ஆகும், முன்பணம் என்ன ஆகும் என்பதே இல்லையின் விலை. ஆய்வாளர் வருஷத்தில் சில நாள் வருவார். உள்ளே தினமும் இருப்பது அவர்கள்.

ஆகவே நான் கேட்பது அரசியல் தத்துவத்தைத் தூக்கிப்போடச் சொல்லி இல்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றச் சொல்லி. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னாலும் நிவாரணத் தொகை அறிவிப்பார்கள், போர்மேனைக் கைது செய்வார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது ஒருவர் “ஆபத்து தெரிஞ்சுதானே போறாங்க, யாரு கட்டாயப்படுத்துறா” என்பார். தெரிந்துதான் போகிறார்கள். அதை மறுக்க வேண்டாம். அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது வேறு: போகாவிட்டால் அந்த வீட்டில் திங்கட்கிழமை என்ன நடக்கும்? முன்பணம் எவ்வளவு பாக்கி? பக்கத்தில் வேறு என்ன வேலை, என்ன கூலி, போய்வர எவ்வளவு பஸ் செலவு? அந்த அறையிலிருந்து எழுந்து வெளியே வந்தவரை மறுநாள் வேன் ஏற்றிக்கொள்ளுமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ரூபாயில் பதில் இருக்கிறது. ஒரு கிராமத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தால் கணக்கெடுத்துவிடலாம். குக்கீ பட்டனுக்கு எத்தனை கிளிக் என்று எண்ணத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியம் இல்லை.